பழகும் கைக்கு ஒரு விமான டிக்கெட்

தம்பிலுவில் கடற்கரையில் கரைவலை இழுக்கும் பெரியவர் ஒருவரின் இடது முன்னங்கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கமாக ஒரு தழும்பு ஓடுகிறது. நேரான தழும்பு. தையல் விழுந்த புள்ளிகள் இரண்டு கரையிலும் ஒரே இடைவெளியில் நிற்கின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது கூரைத் தகரம் கிழித்த காயம் அது. அன்றைக்கே யாரோ அவசரத்தில் மூடித் தைத்துவிட்டார்கள். உள்ளே மணலும் சேறும் கிடந்தன. மூன்றாம் நாள் கை வீங்கிச் சீழ் கட்டியது. பிறகு கூடாரம் போட்டிருந்த வெளிநாட்டு மருத்துவ அணியொன்று தையலைப் பிரித்து, கழுவி, சில நாட்கள் திறந்தே வைத்திருந்து, அதன் பிறகுதான் திரும்பத் தைத்தது.

"ஆர் மாமா தைச்சது?" என்று கேட்டேன்.

"வெள்ளக்காரப் பொடியன் ஒருத்தன் தம்பி. படிக்கிற பொடியன் போல. பக்கத்தில நிண்ட பெரிய டொக்டர் சொல்லச் சொல்லத்தான் தைச்சவன். பேர் சொன்னவன்தான், நமக்கு வாயில நிக்கல்ல."

"பிறகு வந்து பார்த்தாரா?"

"எங்க வாற! ரெண்டு கிழமையில கூடாரத்தையும் கழட்டிட்டுப் போயிட்டாங்க. தையல் வெட்டினது நம்மட ஆசுபத்திரி மிஸ்ஸிதான்."

அந்தப் 'படிக்கிற பொடியன்' யார், எந்த நாடு, இன்று எங்கே கத்தி பிடிக்கிறார் என்பதெல்லாம் தெரியவராது. இந்தக் கட்டுரைக்கு அவர் வந்து சேர்ந்த வழி முக்கியம். நிபுணராக இன்னும் தேறாத ஒருவர், பாதி உலகம் கடந்து, அக்கரைப்பற்றுக்குத் தெற்கே உள்ள ஒரு கரையோரக் கிராமத்துக்கு எப்படி வருகிறார்? விமான டிக்கெட்டை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள்? எதற்காக?

சுனாமியில் இலங்கை முழுவதும் 35,000 பேருக்கு மேல் இறந்தோ காணாமலோ போனார்கள். அவர்களில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் அம்பாறை மாவட்டத்தவர். வேறு எந்த மாவட்டமும் இவ்வளவு இழக்கவில்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி, பொத்துவில் என்று தமிழரும் முஸ்லிம்களும் தோளோடு தோள் உரசி வாழும் கரை முழுவதும் ஒரே காலையில் குலைந்தது. அடுத்த வாரங்களில் உலகின் மருத்துவ அணிகள் இங்கே வந்து இறங்கின. அனுபவம் முதிர்ந்தவர்கள் இருந்தார்கள், பழகுநர்களும் இருந்தார்கள். அவர்களை ஏந்தி வாங்கிய ஊர் என்பதால், மனிதாபிமான மருத்துவப் பயணங்களைப் பற்றிப் பேசத் தம்பிலுவிலுக்கு உரிமை உண்டு. இந்தப் பேச்சு பெரும்பாலும் அனுப்புகிறவர்களின் ஊரில்தான் நடக்கிறது. பெற்றுக்கொண்டவர்களை யாரும் கேட்பதில்லை.

ஆயிரம் டொலரின் வேலை

மேற்கு நாடுகளில் சத்திரசிகிச்சைப் பயிற்சியில் இருப்பவர்களுக்கென்றே சிறு பயண உதவித்தொகைகள் பல உண்டு. அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை சத்திரசிகிச்சை நிபுணர்களின் கழகத்தோடு சேர்ந்த அறக்கட்டளை, வெளிநாட்டு மனிதாபிமானப் பயணங்களில் சேரும் பயிற்சி மருத்துவர்களுக்கு இப்படி உதவுகிறது. பிளவுபட்ட உதட்டையும் அண்ணத்தையும் சீர்செய்யும் 'ஒப்பரேஷன் ஸ்மைல்' அமைப்பு, பயிற்சியில் இருப்பவர்களைத் தன் அணிகளோடு கூட்டிச் செல்ல 'ரீகன்' புலமைப்பரிசில் வைத்திருக்கிறது. பிரித்தானியாவின் றோயல் கல்லூரிகள் வழியாக 'எதிக்கொன்' நிதியம் பயணச் செலவு தந்திருக்கிறது. எதிக்கொன் என்பது தையல் நூல் விற்கும் கம்பனி. நாளைக்குத் தன் நூலை வாங்கப்போகும் கைகளுக்கு இன்றே டிக்கெட் எடுத்துக் கொடுப்பதில் வியாபாரக் கணக்கும் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

தொகைகள் பெரியவை அல்ல. ஆயிரம் டொலர், சில இடங்களில் அதற்குச் சற்று மேல். போக வர டிக்கெட்டுக்குக் காணும், மிஞ்சினால் தங்குமிடத்துக்கு. இவ்வளவு சிறிய காசு எதைத் தீர்மானிக்கிறது என்று கேட்கலாம். யார் போவது என்பதைத் தீர்மானிக்கிறது. எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்போ சர்வதேச செஞ்சிலுவைக் குழுவோ சத்திரசிகிச்சைக்கு ஆள் எடுக்கும்போது தேறிய நிபுணர்களைத்தான் பார்க்கும். அவர்களுக்குப் பயணச் செலவும் ஊதியமும் அந்த அமைப்புகளே தரும். 'மேர்சி ஷிப்ஸ்' மருத்துவக் கப்பலில் கதை வேறு. அங்கே தொண்டு செய்யப் போகிறவர் கப்பலில் தங்கியிருக்கும் செலவைத் தன் கையாலேயே கட்ட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பவர்தான் பயிற்சி மருத்துவர். ஊதியம் தர ஆள் இல்லை, கையிலும் காசு இல்லை, அமெரிக்காவில் என்றால் படிப்புக் கடன் கழுத்து வரை நிற்கும். உதவித்தொகை இல்லாவிட்டால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் இந்தப் பயணங்களுக்குப் போவார்கள்.

விண்ணப்பத்தில் வழமையாகக் கேட்பவை சில: பயிற்சியின் எந்த ஆண்டில் இருக்கிறார், கூடப்போகும் நிபுணர் யார், பயிற்சித் தலைவரின் கடிதம், திரும்பி வந்தபின் ஓர் அறிக்கை. அமெரிக்க சத்திரசிகிச்சைச் சபை 2011 முதல், முன்கூட்டியே அனுமதி பெற்று உரிய நிபுணரின் மேற்பார்வையில் வெளிநாட்டில் செய்த சிகிச்சைகளையும் பயிற்சிக் கணக்கில் சேர்க்க இடம் கொடுத்திருக்கிறது. அதன்பின் வெளிநாட்டுப் பயணம் லீவு எடுத்துச் செய்யும் தொண்டாக மட்டும் இல்லாமல் படிப்பின் ஒரு பகுதியாகவும் ஆகத் தொடங்கியது.

பழகுநருக்கு இதில் கிடைப்பதை மறைக்க வேண்டியதில்லை. பொஸ்டனிலோ லண்டனிலோ பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்த நோய்களை அவர் நேரில் தொடுகிறார். இருபது வருடம் வளர்ந்த கழலை, வளர்ந்த மனிதனின் முகத்தில் தைக்காமலே விட்ட உதட்டுப் பிளவு, மாதக்கணக்கில் நாட்டுக் கட்டோடு கிடந்து கோணலாகப் பொருந்திய எலும்பு. சீ.ரீ. ஸ்கேன் இல்லாமல் விரலாலும் கண்ணாலும் முடிவெடுக்கப் பழகுகிறார். அழுக்கான காயத்தை முதல் நாளே மூடாதே என்பது சத்திரசிகிச்சையின் பழைய பாடம். மேல்நாட்டு வாட்டில் அது பரீட்சைக் கேள்வியாகவே நின்றுவிடும். தம்பிலுவில் பெரியவரின் கையில் அந்தப் பொடியன் அதைச் செய்து பார்த்திருக்கிறான். அவனுடைய பயிற்சியில் அந்தக் கை ஒரு பக்கம்.

பெரியவருக்கு என்ன கிடைத்தது? நல்ல தையல் கிடைத்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

பழகுவதற்கு யாருடைய உடம்பு?

ஆனால் இந்தக் கணக்கு எப்போதும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை.

2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியில் நிலநடுக்கம். உலகெங்கிலும் இருந்து அணிகள் போய்க் குவிந்தன. அவற்றில் சிலவற்றுக்குத் தாங்களே குடிக்கத் தண்ணீர் இல்லை, மயக்க மருந்து கொடுக்க ஆள் இல்லை, நோயாளி பற்றிய குறிப்பும் இல்லை. வெட்டி அகற்றப்பட்ட கைகால்கள் எத்தனை, அவற்றில் உண்மையில் வெட்ட வேண்டியிருந்தவை எத்தனை என்று பிறகு தேடியபோது பதிவேடுகள் கைகொடுக்கவில்லை. அந்தக் கசப்பில் பிறந்ததுதான் உலக சுகாதார நிறுவனம் 2013 இல் வெளியிட்ட தர வரையறை. வெளிநாட்டு அணிகளை அது மூன்று வகையாகப் பிரித்தது. சத்திரசிகிச்சை செய்யும் அணி என்று சொல்லிக்கொள்ள, குறைந்தது 20 கட்டில்களும் ஒரு தியேட்டரும் வேண்டும், நாளொன்றுக்கு 7 பெரிய சிகிச்சைகளாவது செய்யும் வலு வேண்டும். வருகிறவர் தன் நாட்டில் தகுதி பெற்றவராக இருக்க வேண்டும், ஒவ்வொரு நோயாளிக்கும் குறிப்பு எழுதிவைக்க வேண்டும்.

காலப் பிரச்சினை இதைவிடப் பழையது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த யொஹான் வொன் ஷ்ரீப்பும் அவரது குழுவினரும் 2008 இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஈரானின் பாம் நகர நிலநடுக்கம், 2004 ஹெய்ட்டி வெள்ளம், இந்தோனேசியாவின் ஆச்சே சுனாமி, 2005 காஷ்மீர் நிலநடுக்கம் ஆகிய நான்கு பேரழிவுகளுக்கும் போன 43 வெளிநாட்டுக் கள வைத்தியசாலைகளை அவர்கள் பார்த்தார்கள். உயிர்காக்கும் அவசர சத்திரசிகிச்சைக்கு உரிய நேரத்தில் ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. முதல் இரண்டு நாட்களில் உயிரைக் காப்பது உள்ளூர் ஆட்கள்தான். அன்று இந்தக் கரையிலும் பக்கத்து ஊர் வைத்தியர்கள், தாதியர், ட்ரக்டர் ஓட்டிகள், பள்ளிவாசலிலும் கோயிலிலும் இருந்து ஓடி வந்த இளைஞர்கள்தான் முதலில் நின்றார்கள். வெளிநாட்டு அணி வரும்போது மிஞ்சியிருந்தவை சீழ் கட்டிய காயம், சேற்றுநீர் போன நுரையீரல், உடைந்த எலும்பு. இவையும் பெரிய வேலைதான். ஆனால் இது பொறுமையாகத் தொடர்ந்து பார்க்க வேண்டிய வேலை. இரண்டு கிழமைப் பயணத்துக்கு ஒத்துவருவது குறைவு.

இங்கேதான் கிளினிக் கொப்பி வருகிறது. நம் நாட்டு அரசு வைத்தியசாலைக்குப் போய்வருகிற எவருக்கும் அது தெரியும். மட்டை போட்ட ஒரு சாதாரணப் பாடசாலைக் கொப்பி, பொலித்தீன் பையில் சுற்றி, பெட்டிக்குள் உறுதிப் பத்திரத்தோடு வைத்திருப்பார்கள். அதில் வைத்தியர் எழுதுவார், மருந்து எழுதுவார், அடுத்த திகதி எழுதுவார். திருக்கோவில் ஆதார வைத்தியசாலையில் எழுதிய கொப்பியோடு கல்முனைக்குப் போகலாம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கும் போகலாம். நோயாளியின் உடம்புக் கதை அவர் கையிலேயே பயணம் செய்கிறது. வெளிநாட்டு முகாம்களில் செய்த சிகிச்சை பல தடவை இந்தக் கொப்பிக்குள் வருவதில்லை. முகாமுக்கென்று தனி அட்டை இருக்கும், ஆங்கிலத்தில் நாலு சுருக்கெழுத்து இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. ஆறு மாதம் கழித்துத் தழும்பு இழுத்துப் பிடித்து விரல் மடங்காமல் வரும் ஒருவரை உள்ளூர் மெடிக்கல் ஒஃபிசர் பார்க்கும்போது, உள்ளே எந்தத் தசைநாரைத் தைத்தார்கள், எதை விட்டார்கள் என்று சொல்ல ஆளில்லை.

என் கையில் விட்டால், இந்த உதவித்தொகை விண்ணப்பங்களில் ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்ப்பேன். தொட்ட ஒவ்வொரு நோயாளியின் கொப்பியிலும், செய்த சிகிச்சையையும் செய்தவரின் பெயரையும் மேற்பார்வை பார்த்தவரின் பெயரையும் எழுதிவிட்டு வரவேண்டும். திரும்பிப்போய் எழுதும் அறிக்கையில் சூரிய அஸ்தமனமும் பிள்ளைகளின் சிரிப்பும் பற்றி இரண்டு பத்தி குறைந்தால் நட்டமில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அது யாரும் அதிகம் பேசாதது. பெரிய ஆதார வைத்தியசாலை ஒன்றின் தியேட்டர் மேசையில் ஒரு நாளைக்கு இவ்வளவு சிகிச்சைதான் நடக்கும். வந்த அணி நாலு நாள் அந்த மேசையை எடுத்துக்கொண்டால், அந்த நாலு நாளும் பயிற்சியில் இருக்கும் நம்முடைய ரெஜிஸ்ட்ரார் ஓரத்தில் நின்று கொக்கி பிடிப்பார். வந்த பழகுநரின் பதிவேட்டில் ஏறும் ஒவ்வொரு சிகிச்சையும் இங்குள்ள பழகுநரின் பதிவேட்டில் ஏறாத ஒன்று. வந்தவர் கெட்டவர் என்பதால் இது நடப்பதில்லை. விருந்தாளிக்கு முதல் பந்தி போடும் நம் பழக்கம் தியேட்டருக்குள்ளும் வந்துவிடுகிறது.

காலியில் நடந்த ஒரு வேலையையும் இங்கே சொல்ல வேண்டும். 1980களில் லண்டன் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் வைத்தியசாலையின் பல் சீரமைப்பு நிபுணர் மைக்கல் மார்ஸ் காலியில் உதடு, அண்ணப் பிளவுத் திட்டமொன்றைத் தொடங்கினார். சிகிச்சை பெறாமலே வளர்ந்துவிட்ட ஏராளமானோர் அங்கே வந்தார்கள். அவர்களின் முகங்களை அளந்து பார்த்தபோது ஓர் உண்மை தெரிந்தது. தைக்கப்படாத மேல்தாடை ஏறக்குறைய இயல்பாகவே வளர்ந்திருந்தது. மேல்நாடுகளில் இந்த நோயாளிகளிடம் காணப்பட்ட வளர்ச்சிக் குறைவுக்குப் பிறவிக் கோளாறைவிடச் சின்ன வயதில் செய்த சத்திரசிகிச்சையே பெரிய காரணம் என்று அது காட்டியது. உலகெங்கும் பிளவு அண்ண சிகிச்சை பற்றிய சிந்தனையையே அது அசைத்தது. நம்முடைய வறுமை உலகத்துக்கு ஒரு விஞ்ஞான உண்மையைக் கொடுத்தது என்று பெருமைப்படுவதா, இத்தனை பேர் தைக்கப்படாமலே வளர்ந்தார்களே என்று நோவதா? நான் இரண்டையும் செய்கிறேன். ஆனால் அந்தத் திட்டம் வருடக்கணக்காகத் திரும்பத் திரும்ப வந்தது, அதே முகங்களைத் திரும்பப் பார்த்தது. சும்மா வந்துபோகும் முகாமிலிருந்து அதைப் பிரிப்பது இதுதான்.

வந்தவர்கள் சிலர் கற்றுக்கொடுத்தார்கள்

தமிழ் நிலத்துக்கு இந்தக் கதை புதிதல்ல. சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தபோது அவருக்கு ஏறக்குறைய 25 வயது. இன்றைய கணக்கில் அவரே ஒரு பழகுநர்தான். மானிப்பாயில் நிலைகொண்ட அவர் ஒரு வருடத்துக்குள்ளேயே உள்ளூர் மாணவர்களைச் சேர்த்துப் படிப்பிக்கத் தொடங்கிவிட்டார். 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்று பாடநூல்கள் தமிழில் வந்தன. 'இரண வைத்தியம்' சத்திரசிகிச்சை நூல். 1873 இல் அவர் ஊர் திரும்பும்போது, அவரிடம் படித்தவர்கள் வைத்தியர்களாக ஊரூராக இருந்தார்கள். மதம் பரப்பவும் வந்தவர் என்பதை மறந்துவிட்டுப் பேச வேண்டியதில்லை. ஆனால் அவர் போன பிறகும் கத்தி பிடிக்க ஆள் இருந்தது.

கொல்லிமலையில் 1914 இல் மிஷனரித் தம்பதியருக்குப் பிறந்து, லண்டனில் படித்து, 1946 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த போல் பிராண்ட் இன்னோர் ஆள். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநார் மாற்றி வைத்து அசைவைத் திரும்பக் கொடுத்தவர். அந்த அறிவு வேலூரிலிருந்துதான் உலகுக்குப் போனது. கைச் சத்திரசிகிச்சை பழக விரும்பியவர்கள் மேற்கிலிருந்து வேலூருக்கு வந்தார்கள்.

கொழும்புத் துறைமுகத்தில் 1968, 69 இல் 'ஹோப்' என்ற மிதக்கும் வைத்தியசாலை நங்கூரமிட்டு நின்றதை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. அமெரிக்காவிலிருந்து வைத்தியர்கள் முறைவைத்து, சம்பளமில்லாமல் வந்து போனார்கள். நோயாளியைப் பார்ப்பதைப் போலவே உள்ளூர் வைத்தியருக்கும் தாதியருக்கும் கற்பிப்பதும் அந்தக் கப்பலின் வேலையாகச் சொல்லப்பட்டது.

எதிர்த்திசைக்கு நல்ல சாட்சி மதுரை. 1976 இல் டொக்டர் கோ. வெங்கடசாமி 11 கட்டில்களோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு, சிறு கீறலில் கண்புரை எடுக்கும் முறையைப் பழக வெளிநாட்டுப் பயிற்சி மருத்துவர்கள் போகிறார்கள். ஆபிரிக்காவிலிருந்தும் போகிறார்கள், பணக்கார நாடுகளிலிருந்தும் போகிறார்கள். அங்கே அவர்கள் மாணவர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆசிரியர் உள்ளூர்க்காரர் என்பதும் தெரியும். தொண்டு செய்ய வந்தேன் என்ற பேச்சு இல்லை. எனக்கு இந்த வெளிப்படை பிடித்திருக்கிறது.

நம்மவர் போகும் வழி

இப்போது திசையைத் திருப்பிப் பார்ப்போம். கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ, அதே ஊரின் வடக்கு ஆதார வைத்தியசாலையிலோ, மட்டக்களப்பிலோ ரெஜிஸ்ட்ராராக இருக்கும் நம் பிள்ளை ஒருவர், தென் சூடானுக்கோ மலாவிக்கோ போய் ஆறு கிழமை கத்தி பிடிக்க நினைத்தால்?

போகவேண்டிய அவசியம் என்ன என்று கேட்பார்கள். நமக்கே ஆள் இல்லை. 2022 மார்ச்சில் மருந்தில்லாமல் பேராதனைப் போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. அதற்கடுத்த மாதம் நாடே கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அதன்பின் வைத்தியர்கள் கூட்டமாக நாட்டை விட்டுப் போனார்கள். இந்த நிலையில் பிறருக்குத் தொண்டா?

எனது பதில்: நம் பிள்ளைகள் எப்படியும் போகிறார்கள். இலங்கையில் சத்திரசிகிச்சை நிபுணராக வேண்டுமென்றால் கொழும்பில் உள்ள பட்டப்பின் படிப்பு மருத்துவ நிறுவகத்தின் வழியாக எம்.டீ. முடித்து, சீனியர் ரெஜிஸ்ட்ராராக வேலை செய்து, வெளிநாட்டுப் பயிற்சியும் முடிக்க வேண்டும். அதன் பிறகுதான் நிபுணராகப் பதிவு. அந்தக் காலத்துக்கு அரசு சம்பளமும் படியும் கொடுத்து அனுப்பி வந்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால் உலகத்திலேயே தாராளமான பயண உதவித்தொகைகளில் ஒன்று நம்முடைய ஏழைத் திறைசேரியுடையது. அந்தக் காசில் போகிறவர்கள் பெரும்பாலும் பிரித்தானியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போகிறார்கள். புதிய இயந்திரம், புதிய முறை எல்லாம் பழகுகிறார்கள், அது வேண்டும். ஆனால் ரோபோ சத்திரசிகிச்சை பார்த்துவிட்டுத் திரும்பும் ஒருவருக்கு முதல் நியமனம் கிடைக்கும் இடத்தில் பழைய எக்ஸ்ரே இயந்திரமும், பாதி நேரம் மயக்க மருந்து நிபுணர் இல்லாத தியேட்டரும் இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்யும் திறமையை லண்டனை விட மலாவி நன்றாகவே பழக்கும்.

உலகத் தேவையும் சின்னதில்லை. லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2015 இல் சொன்ன கணக்குப்படி, பாதுகாப்பான, கட்டுப்படியாகும் சத்திரசிகிச்சை கிடைக்காதவர்கள் 500 கோடிப் பேர். வருடத்துக்கு இன்னும் 14 கோடி 30 லட்சம் சிகிச்சைகள் தேவை. உலகில் நடக்கும் சத்திரசிகிச்சைகளில் மிக ஏழையான மூன்றிலொரு பங்கு மக்களுக்குப் போய்ச் சேர்வது 6 வீதம் மட்டும். வயிற்றைத் திறப்பது, சிசேரியன், வெளியே தெரியும் எலும்பு முறிவைச் சீர்செய்வது ஆகிய மூன்றையும் செய்ய முடிகிற வைத்தியசாலை இரண்டு மணித்தியாலத் தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்றது அந்த ஆணைக்குழு. தம்பிலுவிலிலிருந்து கல்முனை முப்பது கிலோமீற்றர் சொச்சம், ஏ-4 வீதியில் ஒரு மணித்தியாலப் பயணம். 1990 என்று அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். இந்த ஒரு விஷயத்தில் நாம் உலகத்தின் பாதிப்பேரை விட மேலே நிற்கிறோம். கொடுக்கிற இடத்தில் நிற்க நமக்குத் தகுதி இருக்கிறது.

கொடுத்தும் இருக்கிறோம். தென் சூடானின் 'போர்' (Bor) என்ற நகரில் ஐக்கிய நாடுகள் அமைதிப்படைக்காக இலங்கை இராணுவம் 2014 முதல் இரண்டாம் நிலை வைத்தியசாலை நடத்தி வந்திருக்கிறது, அங்கே தியேட்டரும் உண்டு. 2015 ஏப்ரல் நேபாள நிலநடுக்கத்துக்கு முதலில் ஆள் அனுப்பிய நாடுகளில் இலங்கையும் ஒன்று, வைத்தியர்களும் போனார்கள். 2024 றமழானில் அரசு இஃப்தார் நிகழ்வுகளின் காசை ஒதுக்கி, பொதுமக்களிடமும் சேர்த்து, காஸா சிறுவர் நிதியத்தின் மூலம் 10 லட்சம் டொலரை ஐ.நா.வின் பலஸ்தீன அகதிகள் நிறுவனத்திடம் கொடுத்தது. காஸா என்றால் இந்தக் கரையில் பணப்பை தானாகத் திறக்கும். ஆனால் சிவில் வைத்தியசாலையில் பயிற்சியில் இருக்கும் ஒருவர், சீருடை இல்லாமல், ஒரு மனிதாபிமான அணியோடு போய்ப் பழகிவர நம்மிடம் வழி இல்லை. காசு சேர்க்கத் தெரிந்த ஊர், ஆளை அனுப்பும் ஏற்பாட்டை இன்னும் யோசிக்கவில்லை.

குண்டு விழும் இடத்துக்குப் பழகுநரை அனுப்பச் சொல்லவில்லை. அது பைத்தியக்காரத்தனம். தேறிய நிபுணர்களே தடுமாறும் களம் அது. அப்படிப்பட்ட களத்துக்கு ஆட்களைத் தயார்செய்வதற்காக லண்டனில் சத்திரசிகிச்சை நிபுணர் டேவிட் நொட் 2015 இல் அறக்கட்டளை தொடங்கினார். யுத்த நாடுகளின் வைத்தியர்களுக்கு அது பயிற்சி தருகிறது, லண்டன் வந்து படிக்கப் புலமைப்பரிசிலும் தருகிறது. அங்கே பயணக் காசு பாதிக்கப்பட்ட ஊர்க்காரர் கையில் போகிறது. கிழக்கு, மத்திய, தென் ஆபிரிக்க சத்திரசிகிச்சைக் கல்லூரி இன்னொரு வழி. 1999 இல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்கு வளாகம் இல்லை. பல நாடுகளின் வைத்தியசாலைகளிலேயே பயிற்சி நடக்கிறது, பரீட்சை மட்டும் பொது. அயர்லாந்தின் றோயல் கல்லூரி 2007 முதல் அதற்குத் துணை நிற்கிறது. மேற்பார்வையாளர் உண்டு, பதிவேடு உண்டு, போகிறவர் யாருடைய மேசையையும் பறிக்காமல் அவர்களோடு சேர்ந்து பழகலாம். நம் ரெஜிஸ்ட்ராரை அனுப்ப இதைவிட ஒழுங்கான இடம் எனக்குத் தோன்றவில்லை. நம் யுத்த காலத்தின் அனுபவமும் அங்கே செல்லும். 1986 முதல் எல்லைகளற்ற வைத்தியர்கள் வந்து நம் வைத்தியசாலைகளில் வேலை செய்தபோது அவர்களோடு நின்று கத்தி பிடித்த நம் மூத்த வைத்தியர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் பழகிய பிள்ளை, இல்லாமையில் வேலை செய்வது எப்படி என்று யாருக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.

தடை எங்கே? முதலாவது விசா. அமெரிக்கப் பயிற்சி மருத்துவர் கொழும்புக்கு வர இணையத்தில் படிவம் நிரப்பினால் போதும். நம் வைத்தியர் ஒரு மாநாட்டுக்குப் போகவே வங்கிக் கணக்கு, காணி உறுதி, கல்யாணப் பத்திரம் எல்லாம் கட்டிக்கொண்டு தூதரக வாசலில் நிற்கிறார். இரண்டாவது லீவு. பயிற்சிக் காலத்தில் ஆறு கிழமை வெளியே போனால் அது பயிற்சியில் சேருமா, பின்னுக்குத் தள்ளுமா என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. பட்டப்பின் படிப்பு மருத்துவ நிறுவகம் வெளிநாட்டுப் பயிற்சிக் காலத்துக்குள் ஆறோ எட்டோ கிழமையை இப்படிப்பட்ட இடத்தில் கழிக்கலாம் என்று ஏற்றுக்கொண்டால் பாதித் தடை போய்விடும்.

மூன்றாவது காசு. இதுதான் எல்லாவற்றிலும் லேசானது. ஆயிரம் டொலர் என்பது இன்றைய மதிப்பில் மூன்று லட்சம் ரூபாய். லண்டனிலும் மெல்பேணிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் நம் ஊர் வைத்தியர்கள் வருடாவருடம் கிழக்குக்கு உபகரணம் அனுப்புகிறார்கள், லீவில் வந்து கிளினிக் நடத்துகிறார்கள். கோயில் கும்பாபிஷேகத்துக்கும் பள்ளிவாசல் மினாராவுக்கும் சேரும் தொகையைப் பார்த்தவனுக்கு மூன்று லட்சம் பயமுறுத்தாது. வருடத்துக்கு இரண்டு பேர், ஒருவர் தமிழ் ஊரிலிருந்து, ஒருவர் முஸ்லிம் ஊரிலிருந்து என்று யாராவது உடனே பங்கு பிரிக்கத் தொடங்குவார்கள். கல்முனையில் எதையும் அப்படித்தான் தொடங்குவோம். தொடங்கட்டும். தெரிவுக் குழுவில் ஒரு நோயாளியும் இருக்க வேண்டும் என்று மட்டும் நான் கேட்பேன். இப்படிப்பட்ட அணியொன்றின் கையில் தன் உடம்பைக் கொடுத்த ஒருவர், விண்ணப்பக்காரரிடம் கேட்கும் கேள்வி பேராசிரியர் கேட்பதிலிருந்து வேறாக இருக்கும்.

தொகையை நிர்ணயிக்கும்போது டிக்கெட்டை மட்டும் கணக்கெடுத்தால் போதாது. விசாக் கட்டணம், காப்புறுதி, போகும் நாட்டின் தற்காலிக மருத்துவப் பதிவு, ஆறு கிழமை வீட்டுச் செலவு எல்லாம் சேரும். ஆபிரிக்கா என்றால் பல நாடுகளுக்கு மஞ்சட்காய்ச்சல் ஊசி அட்டையும் தேவைப்படும். அதற்குக் கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போக வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அந்த அட்டை செல்லும். அக்கரைப்பற்றிலிருந்து இரவு பஸ்ஸில் போய்வரும் அந்தச் செலவையும் விண்ணப்பப் படிவத்திலேயே ஒரு வரியாகப் போட்டுவிடலாம்.